நெஸ்ஃபீல்டின் வாக்கியமும் அம்பேத்கரின் திருத்தமும்

பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சை எழுதிய யாருக்கும் அந்தக் கேள்விகள் மறந்திருக்காது. 'கீழ்க்கண்ட வாக்கியங்களைச் சொன்னபடி மாற்றி எழுதுக.' 'கீழ்க்கண்ட வாக்கியங்களிலுள்ள பிழைகளைத் திருத்துக.' சிம்பிளை காம்பவுண்டாக்கு, காம்பவுண்டை காம்ப்ளெக்ஸாக்கு, ஆக்டிவை பாசிவாக்கு, 'டூ'வை எடுத்துவிட்டு 'ஸோ தட்' போடு. ஆதிதிராவிடர் நல விடுதியில் அட்டை கிழிந்த ஒரே ஒரு இலக்கணப் புத்தகத்தைச் சுற்றில் விட்டுப் படித்தோம். "எதுக்குண்ணே மாத்தணும்? மொதல்ல இருந்த வாக்கியம் நல்லாத்தானே இருக்கு?" என்று விடுதியில் ப்ளஸ் டூ படித்த அண்ணனிடம் கேட்டேன். "மார்க்குக்குடா தம்பி. மாத்துன்னா மாத்து, ஏன்னு கேக்காத" என்றார். அந்த அண்ணனும் இங்கிலீஷில்தான் போனார். எங்கள் தெருவில் ஒருத்தன் பெயிலாகிவிட்டான் என்றால் எந்தப் பாடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "இங்கிலீஷ்ல போச்சு", அவ்வளவுதான். அடுத்த நாள் மண்வெட்டி.

கேக்காத என்று அண்ணன் சொன்ன அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். ஒரு வாக்கியம் பிழை என்று யார் முடிவு செய்தார்கள்? இந்தப் பயிற்சி எங்கிருந்து கிளம்பி நம் சேரிப் பிள்ளைகளின் விடைத்தாள் வரை வந்தது?

அது கிளம்பிய இடம் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து. வணிகத்தில் காசு சேர்த்த புதுப் பணக்காரக் குடும்பங்கள் மேட்டுக்குடியோடு சரிசமமாக உட்கார ஆசைப்பட்ட காலம். துணியும் வீடும் வாங்கிவிடலாம். வாயைத் திறந்தால் பிறப்பு தெரிந்துவிடும். அந்தப் பயத்தை நம்பி இலக்கணப் புத்தகங்கள் விற்றன. நியூகாஸிலைச் சேர்ந்த ஆன் ஃபிஷர் என்ற பெண், நூற்றாண்டின் நடுவில், வேண்டுமென்றே பிழையாக எழுதிய வாக்கியங்களைக் கொடுத்து மாணவர்களைத் திருத்தச் சொல்லும் பயிற்சியைத் தன் இலக்கண நூலில் சேர்த்தார். 1762இல் ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் ஒரு சிறு இலக்கணம் எழுதினார். பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். சாதாரண சனங்கள் வாயில் புழங்கிய 'யூ வாஸ்' தப்பு என்றார். ஷேக்ஸ்பியர், மில்டன் வாக்கியங்களிலும் பிழை பிடித்துப் பட்டியல் போட்டார். 1795இல் லின்ட்லி மர்ரே யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக எழுதிய இலக்கணம் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டே வருடத்தில் அதற்குப் பயிற்சிப் புத்தகமும், தனியாக ஒரு விடைப் புத்தகமும் போட்டார். நம்மூர் 'கைடு'க்குப் பாட்டன் அந்த விடைப் புத்தகம்தான்.

எதிர்மறை இரண்டு முறை வரலாமா என்பதைப் பாருங்கள். 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று இங்கிலாந்துத் தொழிலாளி பேசினான். சாசரும் ஷேக்ஸ்பியரும் இரண்டு எதிர்மறையைச் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அழுத்தம் கூடும், அவ்வளவுதான். இலக்கணக்காரர்கள் கணக்குப் போட்டு, இரண்டு எதிர்மறை சேர்ந்தால் உடன்பாடு ஆகிவிடும், ஆகவே பிழை என்றார்கள். பேசியவனுக்கும் கேட்டவனுக்கும் அதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஆனாலும் அன்று முதல் அப்படிப் பேசுகிறவன் படிப்பில்லாதவன் ஆனான்.

இது நமக்குப் புதிய கதை இல்லை. வழக்கு என்றால் உயர்ந்தோர் வழக்குத்தான் என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது. உரையாசிரியர்கள் 'இழிசனர் வழக்கு' என்று ஒரு பெயரே வைத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் பேசிய பேச்சுக்கு இலக்கணம் கொடுத்த பெயர் அது. 1992இல் பாமாவின் 'கருக்கு' பேச்சுமொழியிலேயே வந்தபோது, இது என்ன தமிழ் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சுளிப்புக்கு இரண்டாயிரம் வருட வயது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தமிழ் இலக்கணத்தில் 'வழுவமைதி' என்று ஒன்று இருக்கிறது. பிழையேயானாலும் காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வது. இங்கிலீஷ் பரீட்சைத் தாளில் வழுவமைதிக்கு இடமில்லை. சிவப்பு மைதான்.

இந்தப் பயிற்சி கப்பலேறி இங்கே வந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1835இல் மெக்காலேயின் குறிப்பு, 1854இல் வுட்டின் அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம். மெட்ரிகுலேஷன் தேறினால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வழி. மெட்ரிகுலேஷன் தேற இங்கிலீஷ் வேண்டும். எழுத்தும் மனப்பாடமும் தலைமுறையாகக் கைவசம் இருந்தவர்கள் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். சேரிக்கு வந்த மிஷன் பள்ளிகளும், 1894 முதல் ஆல்காட் நடத்திய பஞ்சமர் பள்ளிகளும் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றுபோயின. இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தபோது சுமார் 400 மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள் என்று தன் சரிதையில் எழுதியிருக்கிறார். சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து, மற்ற பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார்.

அதே சீனிவாசன் 1893இல் செய்த காரியம் இங்கே முக்கியம். ஐசிஎஸ் பரீட்சையை லண்டனில் மட்டுமல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அந்த வருடம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் தீர்மானமும் நிறைவேறியது. அதை எதிர்த்து 3412 பேரின் கையெழுத்தோடு 112 அடி நீள விண்ணப்பம் சென்னையிலிருந்து போனது. தேசத்துக்கு விரோதம் என்று இதை எளிதாகச் சொல்லிவிடலாம். விண்ணப்பத்தின் நியாயம் வேறு. பரீட்சை எல்லாருக்கும் பொதுதான். அதற்குத் தயாராகிற வசதி பொது இல்லை. இங்கே பரீட்சை வைத்தால் தேறுவது யார், கலெக்டராக வந்து சேரியின் மனுவை வாங்கப்போவது யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தகுதி, திறமை என்று இன்று பேசுகிறவர்களுக்கு நாம் சொல்லும் பதில் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

இனி நெஸ்ஃபீல்டுக்கு வருவோம். ரென் அண்ட் மார்ட்டின் வருவதற்கு முன்னால் இந்தியப் பள்ளிகளில் இங்கிலீஷ் இலக்கணம் என்றால் ஜே.சி. நெஸ்ஃபீல்டுதான். மாக்மில்லன் கம்பெனி வெளியிட்ட அவருடைய இலக்கண வரிசை, வாக்கியங்களைப் பிரிப்பது, சேர்ப்பது, ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றுவது என்று நமக்குத் தெரிந்த எல்லாப் பயிற்சிகளையும் கொண்டது. வடமேற்கு மாகாணமும் அவுத்தும் சேர்ந்த பகுதிக்கு (இன்றைய உத்தரப் பிரதேசம்) அவர் கல்வித்துறை இயக்குநர். இவ்வளவும் இங்கிலீஷ் வாத்தியார்களுக்குத் தெரியும். இலக்கணப் புத்தகங்களால் பேர் வாங்குவதற்கு முன்பே, 1885இல், இதே நெஸ்ஃபீல்டு அந்த மாகாணத்தின் சாதி அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

சாதிக்கு அடிப்படை தொழில், தொழில் மட்டுமே என்பது அந்த நூலின் முடிவு. வேட்டை, மீன்பிடி, கூடை முடைதல், தோல் வேலை எல்லாம் நாகரிகத்தின் ஆதிகாலத் தொழில்கள். ஆகவே அவற்றைச் செய்கிறவர்கள் கீழே. உலோக வேலை பிற்காலத்தது, ஆகவே மேலே. சொற்றொடர்களை வகைப்படுத்திய அதே கை மனிதர்களையும் வகைப்படுத்தியது. செத்த மாட்டை எடுக்க வைத்தது யார், வேறு தொழிலுக்குப் போகவிடாமல் அடித்தது யார் என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை. சாதிக்கு அவர் ஒரு வரையறையும் கொடுத்தார். மற்ற வகுப்பாரோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளாமல், தன்னவரைத் தவிர வேறு யாரோடும் மணம் செய்யாமல், உண்ணாமல், குடிக்காமல் இருக்கிற ஒரு வகுப்பு என்பது அதன் சாரம்.

இந்த வரையறை ஒரு தீண்டப்படாத மாணவரின் கையில் வந்து விழுந்தது. பம்பாய்ப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்ட அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் எடுத்தார். பாணினியின் இலக்கணம் பூட்டியே கிடந்தது. இங்கிலீஷ் இலக்கணம் திறந்திருந்தது, வெள்ளைக்காரனின் உத்தியோகத் தேவைக்காகத்தான் என்றாலும் திறந்திருந்தது. பட்டாளத்தில் சுபேதாராக இருந்த அப்பா ராம்ஜி வீட்டிலேயே உட்கார்த்தி வைத்து இங்கிலீஷும் மொழிபெயர்ப்பும் சொல்லிக்கொடுத்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். 750க்கு 282 மார்க். 'தகுதி' பேசுகிறவர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்பது வருடம் கழித்து, 1916 மே 9 அன்று, நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் கோல்டன்வைஸரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. செனார், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று நான்கு பேரின் வரையறைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் எங்கே பிழை என்று காட்டினார். நெஸ்ஃபீல்டு விளைவைக் காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டார் என்றார். சாதி தன்னைத் தானே மூடிக்கொண்ட கூட்டம். சேர்ந்து உண்ணாமை அந்த மூடலின் விளைவு, காரணம் அல்ல. மூடி வைத்திருப்பது அகமணம். இந்தத் திருத்தத்துக்குப் பின் சாதி பற்றிய பேச்சே வேறு திசையில் போனது. சமபந்தி போஜனத்தால் சாதி போகாது என்று நாம் சொல்வதற்கு வேர் இங்கே இருக்கிறது. 'சாதி ஒழிப்பு' நூலில், 1936இல், இன்னொரு வாக்கியத்தையும் மாற்றினார். சாதி என்பது உழைப்பைப் பிரித்துக்கொள்வதுதான் என்று நியாயம் சொன்னவர்களுக்கு, உழைக்கிறவர்களையே அது பிரித்துப்போடுகிறது என்று பதில் எழுதினார்.

'பிழைகளைத் திருத்துக' என்ற கேள்விக்கு நம் ஆள் எழுதிய விடை அது. நாடெங்கும் பிள்ளைகளின் வாக்கியத்தைத் திருத்தப் பாடம் போட்டவரின் வாக்கியத்தையே ஒரு மகார் வீட்டுப் பிள்ளை திருத்தினார்.

ஆக்டிவ், பாசிவ் பயிற்சிக்கும் இப்படி ஒரு அர்த்தம் உண்டு. பாசிவாக மாற்றும்போது செய்தவனின் பெயரைக் கடைசியில் 'பை' போட்டு எழுதலாம். தேவையில்லை என்றால் விட்டுவிடலாம் என்பது விதி. யாருக்குத் தேவையில்லை? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட விவசாயக் கூலிகளின் குடும்பங்கள், பெண்கள், குழந்தைகள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. 'கொல்லப்பட்டார்கள்' நின்றுவிட்டது, கொன்றவன் வாக்கியத்திலிருந்து போய்விட்டான். பேப்பரில் 'மோதல் ஏற்பட்டது', 'குடிசைகள் தீக்கிரையாயின' என்று படிக்கும்போதெல்லாம் பாசிவை ஆக்டிவாக மாற்றுகிற பயிற்சியை நாம் செய்தாக வேண்டும். எழுவாய் யார்?

நெஸ்ஃபீல்டின் இடத்துக்கு 1930களில் ரென் அண்ட் மார்ட்டின் வந்தது. அது இன்றும் விற்கிறது. பள்ளி முடிந்தாலும் இந்தப் பயிற்சி விடுவதில்லை. வங்கித் தேர்விலும், எஸ்எஸ்சி தேர்விலும் பிழை கண்டுபிடி, வாக்கியத்தை மேம்படுத்து என்று அதே கேள்விகள் வருகின்றன. இடஒதுக்கீடு வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போக இந்தத் தாளைத் தாண்ட வேண்டும்.

எனவே இங்கிலீஷ் ஏகாதிபத்திய மொழி, இலக்கணம் மேட்டுக்குடிச் சதி, தூக்கிப்போடு என்று நம் பிள்ளைகளிடம் நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லுகிற தோழர்கள் பலரின் பிள்ளைகள் கான்வென்ட்டில் படிக்கிறார்கள். மாலை நேரப் பள்ளி நடத்துகிற தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தக் கேள்விகள் கடல் இல்லை, ஒரு நோட்டுக்குள் அடங்கும் விதிகள். 'டிஸ்கஸ்' வந்தால் 'அபவுட்' வராது; 'சீனியர்' வந்தால் 'தேன்' இல்லை, 'டு'; 'நோ சூனர்' என்றால் 'தேன்', 'ஹார்ட்லி' என்றால் 'வென்'; 'ஒன் ஆஃப்' வந்தால் பெயர் பன்மை, வினை ஒருமை. பிள்ளை ஏன் தப்பு செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழில் 'பற்றிப் பேசினோம்' என்கிறோம், அதனால் 'அபவுட்' தானாக வருகிறது. தமிழில் 'தி' என்ற சொல்லே கிடையாது, அதனால் விட்டுப்போகிறது. அக்கிரகாரத்துப் பிள்ளைக்கும் இதே தப்பு வந்தது. திருத்த வீட்டில் தாத்தா இருந்தார். நம் பிள்ளைக்கு நாம் இருக்க வேண்டும்.

விதியைச் சொல்லும்போது அதன் கதையையும் சொல்லுங்கள். 'ஏன் மாத்தணும்' என்று ஒரு பிள்ளை கேட்டால் 'கேக்காத' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மார்க்குக்காக மாத்து கண்ணு என்று சொல்லுங்கள். அதோடு, நெஸ்ஃபீல்டின் வாக்கியத்தை ஒருத்தர் திருத்தினார், அவர் நம்ம ஆளு என்றும் சொல்லுங்கள்.