முட்டி தேய்ந்தால்: சென்னையின் மூட்டுவலி வைத்தியங்கள்

தேய்ந்த முழங்காலை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்துவது சென்னையில் பரவலாகி நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. அதற்கு முன்பு எண்ணெய், ஒற்றடம், பத்தியம், பேதி, பின்னாளில் வலி மாத்திரை, ஊசி என்பவையே மருத்துவமாக இருந்தன. அறுவை வேண்டாம் என்பவர்கள் இன்று தேடிப்போகும் வழிகளில் பாதி, அந்த அறுவை இங்கு வருமுன்பே புழங்கியவைதான்.

யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த நூல் வாத நோய்களை 80 ஆகப் பகுக்கிறது. முழங்கால் தேய்மானத்தைச் சித்த மருத்துவர்கள் இப்போது அழல் கீல்வாயு என்ற பெயரில் பார்க்கிறார்கள். வாதத்துக்கு முதலில் பேதி, பிறகு உள்மருந்து, கூடவே புறமருந்து என்பது அந்த மரபின் வரிசை. புறமருந்தில் முக்கியமானது தொக்கணம். வெதுவெதுப்பாகச் சூடேற்றிய உளுந்துத் தைலத்தையோ வாதகேசரித் தைலத்தையோ தொடையிலிருந்து கீழ்நோக்கி நீவி, முட்டிச் சில்லைச் சுற்றிக் கட்டைவிரலால் வட்டமிட்டுத் தேய்ப்பார்கள். நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை வதக்கித் துணியில் முடிந்து, சூடு பொறுக்கும் பதத்தில் ஒற்றி எடுப்பார்கள். இந்தச் சூடும் நீவலும் தொடைத்தசையின் இறுக்கத்தைத் தளர்த்தி வலியைக் குறைக்கும். ஆனால் தேய்ந்த குருத்தெலும்புக்கு ரத்த நாளம் கிடையாது. மேலே தடவும் எண்ணெயோ, வாரம் ஒருநாள் சுடும் முடக்கத்தான் தோசையோ அதை மறுபடி வளர்த்துவிடாது.

நகரத்தில் சித்தம், ஆயுர்வேதம் போன்ற உள்நாட்டு வைத்தியம் வீட்டுத் திண்ணையிலிருந்து நிறுவனங்களுக்கு நகர்ந்தது இருபதாம் நூற்றாண்டில். மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1905இல் வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகம் தொடங்கியது. உள்நாட்டு மருத்துவத்தை ஆராய 1921இல் சென்னை அரசு அமைத்த உஸ்மான் குழுவின் தொடர்ச்சியாக, 1925இல் அரசு இந்திய மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. மருத்துவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து மருந்து தயாரிக்கும் இம்ப்காப்ஸ் 1944இல் பிறந்தது. ஆதம்பாக்கம் போன்ற தென்சென்னைப் பகுதிகளின் மூட்டுவலிக்காரருக்கு இந்த வரிசையில் மிகவும் வசதியாக அமைந்தது கடைசியாக வந்ததுதான்: 2005 செப்டம்பரில் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். பரங்கிமலை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்; நிலையத்தின் படிக்கட்டு வேறு கதை.

மருத்துவர் யாரும் சீட்டு எழுதாமலே நடந்த ஒரு சிகிச்சையும் உண்டு. அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை, தரையில் இலை போட்ட பந்தி, குந்தி உட்காரும் கழிப்பறை என்று சென்னை வீட்டின் நாள் முழுவதும் முழங்காலை முற்றாக மடக்குவதிலேயே கழிந்தது. அப்படி மடங்கும்போது முட்டிச் சில்லுக்குப் பின்புறம் அழுத்தம் பல மடங்கு ஏறும். மேடை அடுப்பு, மிக்ஸி, உணவு மேசை, வெஸ்டர்ன் டாய்லெட் ஆகியவை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்ததும் தேய்ந்த முட்டிகளுக்குப் பெரும் ஆறுதல் கிடைத்தது. மூட்டுவலி மருத்துவ வரலாற்றில் இதை யாரும் சேர்ப்பதில்லை; சேர்த்திருக்க வேண்டும்.

நவீன மருத்துவத்திலும் மூட்டைக் காப்பாற்றும் அறுவைதான் முந்தியது. வளைந்த காலில் உடல் எடை முழங்காலின் உட்பக்கத்திலேயே விழுந்து அந்தப் பக்கம் தேய்கிறது. மூட்டுக்குக் கீழே எலும்பை ஆப்பு வடிவில் வெட்டிக் காலை நிமிர்த்தினால் பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறும். இந்த முறை 1960களில் இங்கிலாந்திலும், அமெரிக்காவில் மார்க் கவென்ட்ரியின் வழியாகவும் பரவியது. 1970களில் இன்றைய வடிவிலான செயற்கை மூட்டு வந்ததும் பின்னுக்குப் போய், உறுதியான புதுத் தகடுகள் வந்தபின் மறுபடி மதிப்புப் பெற்றது. வயலில் குந்தி வேலை செய்யும் ஐம்பது வயதுக்காரருக்கு இது இன்றும் பொருத்தமான வழி, ஏனென்றால் மூட்டு அவருடையதாகவே இருக்கிறது. உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தப் பாதியை மட்டும் மாற்றும் ஆக்ஸ்ஃபோர்டு மூட்டும் 1970களின் படைப்புதான்.

சென்னையில் 1983இல் கிரீம்ஸ் சாலையில் அப்போலோ, 1999இல் மணப்பாக்கத்தில் மியாட் என்று பெரிய தனியார் மருத்துவமனைகள் வந்தபின் முழு மூட்டு மாற்று நடுத்தரக் குடும்பங்களின் பேச்சுக்குள் நுழைந்தது. செலவு மலைக்க வைத்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு உச்ச விலை விதித்தது. கோபால்ட்-குரோமிய மூட்டு ஒன்றுக்கு 54,720 ரூபாய், வரி தனி.

செலவும் பயமும் சேர்ந்து இடைப்பட்ட சிகிச்சைகளுக்குச் சந்தையைத் திறந்தன. நுண்துளை வழியாக மூட்டைக் கழுவிச் சுரண்டும் சிகிச்சை அவற்றுள் ஒன்று. 2002இல் ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வில், தோல் மட்டும் கீறித் தைக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பலனே அந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கிடைத்தது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியை அடக்கும். ஜெல் ஊசி சிலருக்குக் கேட்கும், பலருக்குக் கேட்காது. நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துப் போடும் பிஆர்பி ஊசியைப் பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குளுக்கோசமைன் மாத்திரை 2006இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் மருந்தில்லாத வெறும் மாத்திரையை மிஞ்சவில்லை. பெயரில்லாப் பொட்டலங்களில் விற்கும் 'மூலிகை' வலிப்பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மருத்துவர்கள் அடிக்கடி காணும் கேடு.

மிஞ்சி நிற்பது உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. பிசியோதெரபியில் முதலில் சொல்லித்தருவது மிக எளிது: காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கடியில் வைத்து, அதைக் கீழே அழுத்திச் சில விநாடி பிடித்து விட வேண்டும். தொடைத்தசை வலுத்தால் மூட்டின் சுமையில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். 2015இல் வெளியான டென்மார்க் ஆய்வு, மூட்டு மாற்றத் தகுதியுள்ள 100 பேரை இரண்டு பிரிவாக்கியது. அறுவையும் பயிற்சியும் சேர்ந்து பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது. சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதல். பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும் பெற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அந்த ஓராண்டில் அறுவைக்குப் போகவில்லை.