ஆடை ஓவியமும் ஆண்டுக் கணக்கும்

கடந்த காலத்து மக்கள் எவ்வாறு உடுத்தினர் என்பதை அறிய விழைவோர்க்கு இணையம் இன்று ஒரு பெருங்களஞ்சியத்தைத் திறந்து வைத்துள்ளது. பிரான்சு நாட்டுத் தேசிய நூலகம் 1997-ஆம் ஆண்டில் 'காலிக்கா' என்னும் மின் நூலகத்தைத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாம் நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பிலுள்ள பழைய ஓவியங்களைக் கட்டணமின்றி யாவரும் காணத் தந்துள்ளன. முன்பு அறிஞர் சிலர் மட்டுமே நெடுந்தொலைவு சென்று புரட்டிப் பார்த்த ஏடுகள், இன்று ஒரு சிற்றூர் மாணவியின் கைபேசியிலும் விரிகின்றன. இது பெரும்பேறே. ஆயினும் இப்பேற்றோடு ஓர் இழப்பும் கூடவே வருகிறது. ஓவியம் எளிதாக வந்து சேர்கிறது. அது பிறந்த காலமோ பல வேளைகளில் வழியிலேயே உதிர்ந்துவிடுகிறது.

நாம் இங்கே எண்ணிப் பார்ப்பவை ஆடைப்பாணி ஓவியங்கள். புதிய உடை வகைகளை அறிவிக்கும் பொருட்டு அச்சிடப்பெற்று, கையால் வண்ணம் தீட்டப்பெற்று, இதழ்களோடு சேர்த்து அனுப்பப்பட்ட தாள்கள் அவை. இவற்றுக்கு முன்னும் உடைகளைக் காட்டும் நூல்கள் இருந்தன. வெனிஸ் நகரில் செசாரே வெசெல்லியோ 1590-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அந்நூல், 'இன்ன நாட்டார் இவ்வாறு உடுத்துவர்' என்று கூறியது. பாணி ஓவியமோ, 'இப்பருவத்தில் இவ்வாறு உடுத்துக' என்று கூறுகிறது. பாரிசில் 1785-இல் தோன்றிய 'காபினே தே மோத்' என்னும் இதழ் இதைத் தவணை தவறாத தொழிலாகவே ஆக்கிற்று. எனவே, இவ்வகை ஓவியத்துக்குத் தேதியே உயிர். பின்வந்த வணிகர் பலர் இதழ்களைப் பிரித்து, படங்களை மட்டும் சட்டமிட்டு விற்றனர். விளக்கம் தந்த பக்கங்கள் தனியே போயின. இவ்வாறு தாயைப் பிரிந்த தாள்களே இன்று இணையத்தில், '19-ஆம் நூற்றாண்டு' என்ற பொதுப் பெயரோடு அலைகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் காண்போம். 1797-இல் பாரிசில் தொடங்கி 1839 வரை வெளிவந்த 'ஜூர்னால் தே தாம் எ தே மோத்' என்னும் இதழை நெடுங்காலம் நடத்தியவர் பியேர் தெ லா மெசாஞ்சேர் (1761-1831). இவர் தையற்காரரும் அல்லர், துணி வணிகரும் அல்லர். கிறிஸ்தவக் கோட்பாட்டுச் சபை என்னும் திருச்சபைக் குழுவைச் சேர்ந்தவர். லா ஃப்ளேஷ் கல்லூரியில் மாணவர்க்குப் பாடம் சொன்னவர். மெய்யியலார் தெக்கார்த்து முன்னொரு காலத்தில் இயேசு சபையாரிடம் பயின்றதும் அக்கல்லூரியிலேதான். 1792 ஆகஸ்டில் புரட்சி அரசு, கல்விப்பணி புரிந்த துறவுச் சபைகளையும் கலைத்தது. வகுப்பறையை இழந்த ஆசிரியர் பாரிசுக்கு வந்து, பெண்டிரின் தொப்பிகளையும் சால்வைகளையும் பற்றி எழுதிப் பிழைத்தார். அவரைப் பழிக்க நாம் முற்படவில்லை. வாழ்வு குலைந்த காலத்தில் மனிதர் எதையேனும் பற்றிக்கொண்டுதான் எழ வேண்டியிருக்கிறது. ஆனால் ஆசிரியப் பணியின் ஒழுங்கு அவரை விட்டு நீங்கவில்லை என்றே தோன்றுகிறது. அவ்விதழின் படத்தாள்களில் 'பாரிசு உடை' என்னும் வரிசைப் பெயரும், தொடர் எண்ணும், ஆண்டும் ஒழுங்காகப் பொறிக்கப்பட்டுள்ளன.

அந்த ஆண்டு எண்ணே இன்று தேடுவோரை மயங்க வைக்கிறது. தொடக்க காலத் தாள்களில் 1799 என்றோ 1800 என்றோ இராது. 'ஆண்டு 8' என்றிருக்கும். அது புரட்சி அரசின் நாள்காட்டி. 1793-இல் நடைமுறைக்கு வந்த அது, குடியரசு பிறந்த 1792 செப்டம்பர் 22-ஐ முதல் நாளாகக் கொண்டு எண்ணியது. ஆண்டவரின் பிறப்பிலிருந்து காலத்தைக் கணக்கிடும் முறையை அது ஒதுக்கியது. ஏழு நாள் கொண்ட வாரத்தை அழித்து, பத்து நாளுக்கு ஒருமுறை ஓய்வு என்றது. ஞாயிறு என்னும் நாளே அரசின் ஏடுகளிலிருந்து மறைந்தது. நமது இதழோ ஐந்து நாளுக்கு ஒருமுறை வெளிவந்து அக்கணக்கோடு இசைந்து நடந்தது. திருத்தந்தை ஏழாம் பத்திநாதரோடு 1801-இல் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், 1802-இல் ஞாயிறு மீண்டும் அரசு அலுவலரின் ஓய்வு நாளாயிற்று. புரட்சி நாள்காட்டியோ 1805 டிசம்பர் 31 வரை நீடித்து மறைந்தது.

ஆகவே, 'ஆண்டு 8' என்றால் 1800 என்று பட்டியலில் எழுதிவிடுவது பாதி உண்மையே. அவ்வாண்டு 1799 செப்டம்பர் 23-இல் தொடங்கி 1800 செப்டம்பர் 22-இல் முடிந்தது. அதற்கு இடையே, 1799 நவம்பர் 9-இல் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றினார். ஒரு தாள் அந்நாளுக்கு முற்பட்டதா பிற்பட்டதா என்பது அற்பச் செய்தியன்று. அதை அறியத் தாளின் தொடர் எண்ணே வழி. எண்ணைக் கொண்டு கட்டிய தொகுதியைத் தேடி, அப்படத்தை விளக்கும் இதழைக் கண்டால் நாளே தெரிந்துவிடும். 'ஆண்டு 14' என்று ஒரு தாள் கூறுமானால் நம் வேலை இன்னும் எளிது. அவ்வாண்டு 1805 செப்டம்பர் 23 முதல் டிசம்பர் 31 வரை, நூறு நாள்களே வாழ்ந்தது.

எல்லாத் தாள்களும் இவ்வாறு வாய்திறந்து பேசுவதில்லை. பேசாதவற்றை வினவுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1735-இல் இயற்றப்பட்ட சட்டம், உரிமை காக்கப்பட வேண்டிய அச்சோவியத்தில் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்றது. எனவே அந்நாட்டுத் தாள்களில் நாளே கிடைப்பதுண்டு. அடுத்து அச்சு முறை. கல்லச்சு 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் கண்டறியப்பட்டது. ஆகவே கல்லச்சில் அமைந்த ஒரு படம் 1780-இன் மூலப்படமாக இருக்க இயலாது. மூன்றாவதாகவே உடையை நோக்க வேண்டும். மார்புக்குக் கீழே உயர்ந்து நின்ற இடைக்கோடு 1820-களின் நடுவில் இயல்பான இடைக்கு இறங்கிற்று. 1830-களின் தொடக்கத்தில் பருத்து நின்ற கைகள் 1836-க்குப் பின் ஒடுங்கின. எஃகு வளையக் கூண்டுப் பாவாடை 1856-இல் காப்புரிமை பெற்றது.

உடையை ஏன் இறுதியில் வைக்கிறோம்? அதுவே முதலில் கண்ணைக் கவர்வது. எனவே எளிதில் ஏமாற்றுவதும் அதுவே. ஒகுஸ்த் ராசினே 1876 முதல் 1888 வரை வெளியிட்ட உடை வரலாற்று நூலில் பல நூற்றாண்டுகளின் உடைகள் அழகுற வரையப்பட்டுள்ளன. அதிலிருந்து ஒரு தாளைப் பிரித்தெடுத்தால், உடை ஒரு காலம், ஓவியம் வேறொரு காலம். மேலும், ஒரு நகரின் படத்தை மற்றொரு நகரத்தார் பார்த்துச் செதுக்குவதும் உண்டு. பார்த்தவாறே செப்புத் தகட்டில் செதுக்கினால், அச்சில் இடம் வலமாக மாறும். அவ்வாறு திரும்பிய படம், தான் நகல் என்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது.

தேதி உறுதியான பின்னும் ஒரு வினா எஞ்சுகிறது. இவ்வோவியம் எதற்குச் சாட்சி? மக்கள் உடுத்தியதற்கு அன்று. உடுத்த வேண்டும் என்று ஒருவர் விரும்பியதற்கே சாட்சி. பாரிசின் சலவைப் பெண்ணும் சிற்றூரின் உழத்தியும் இத்தாள்களில் இல்லை. 'அக்காலப் பிரஞ்சுப் பெண்கள் இவ்வாறு உடுத்தினர்' என்று இதன் அடியில் எழுதினால், இல்லாத ஒன்றை ஓவியத்தின் வாயில் நாமே திணிக்கிறோம். பொய்ச்சான்று கூறலாகாது என்னும் எட்டாம் கட்டளை, இறந்தோரைப் பற்றி எழுதும் கைக்கும் உரியதன்றோ!

இத்தனை உழைப்பும் எதற்கு என்று சிலர் வினவலாம். 'ஆண்டு 7' என்று பொறித்த ஒரு தாளை எண்ணுவோம். மெல்லிய வெண் மஸ்லின் ஆடையில் ஒரு நங்கை நிற்கிறாள். அது 1798 செப்டம்பருக்கும் 1799 செப்டம்பருக்கும் இடைப்பட்ட காலம். அதே 1799-இல், லியோன் நகருக்கு அருகே எக்குல்லி என்னும் ஊரில், பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு வீட்டினுள் மறைவாகப் புதுநன்மை வாங்கினான். சன்னல்கள் அடைக்கப்பட்டிருந்தன, வெளியார் ஐயுறாதவாறு வைக்கோல் வண்டிகள் அவற்றின் முன் நிறுத்தப்பட்டன. அச்சிறுவனே பின்னாளில் ஆர்ஸ் ஊரின் பங்குக்குரு, புனித ஜான் மரிய வியான்னி. தேதி அறியாதவரை அந்த நங்கை வெறும் அழகிய படம். தேதி அறிந்ததும் அவள் அச்சிறுவனின் அயலாள் ஆகிறாள். ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஓரிடத்தில் புதிய பாணி பாரெங்கும் பறைசாற்றப்படுகிறது, மற்றோரிடத்தில் நற்கருணை வைக்கோலுக்குப் பின்னே மறைகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குபவரே அந்த ஆண்டை உள்ளவாறு அறிவார்.

நற்செய்தியாளர் லூக்கா, யோவானின் அழைப்பைக் கூறப் புகுமுன் ஒரு பேரரசர், ஓர் ஆளுநர், மூன்று குறுநில மன்னர், இரு தலைமைக் குருக்கள் என எழுவரைப் பெயர் சொல்லி நிறுத்துகிறார். பாலைநிலத்தில் ஒலித்த குரலுக்கு அத்தனை அயலாரையும் அவர் தேடித் தருகிறார். நம் நம்பிக்கை அறிக்கையிலும் பிலாத்தின் பெயர் இருப்பது, மீட்பு ஒரு குறிப்பிட்ட காலத்தில் நிகழ்ந்தது என்பதற்காகவே. இறைமகனே ஓர் ஆண்டுக்கும் ஓர் ஊருக்கும் உட்பட்டு வாழத் திருவுளமானார் என்று நம்பும் நமக்கு, ஒரு சிறு தாளின் விளிம்பிலுள்ள எண்ணைப் பொறுமையோடு வாசிப்பது வீண் வேலையாகாது.