மண்டல விதிவிலக்கு

நகரத்து நிலத்தைக் குடியிருப்பு, வியாபாரம், கைத்தொழில் என்று வகுத்து, இன்ன இடத்தில் இன்னதுதான் நடைபெறலாம், வீதியினின்றும் இவ்வளவு தள்ளித்தான் கட்டலாம் என்று விதிக்கும் சட்டத்தினின்றும், ஒரு குறிப்பிட்ட மனைக்கு மட்டும் அளிக்கப்பெறும் விலக்கே மண்டல விதிவிலக்கு எனப்படும். ஐக்கிய அமெரிக்காவில் இது மண்டலச் சட்டத்துடன் உடன்பிறந்தது. 1915 இல் பூர்த்தியான 38 மாடி ஈக்விடபிள் கட்டடம் அக்கம்பக்கத்து வீதிகளை நிழலில் ஆழ்த்தியது. அதனால் வலுப்பெற்ற கிளர்ச்சியின் பயனாக 1916 இல் நியூயார்க் மாநகரம் தன் பிரதேசம் முழுவதற்கும் மண்டல விதிகளை இயற்றியபோதே, இத்தகைய விலக்குகளை அளிக்க மேல்முறையீட்டு வாரியம் ஒன்றையும் அமைத்துக்கொண்டது. 1926 இல் யூக்ளிட் கிராம வழக்கில் உச்ச நீதிமன்றம் மண்டலச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று தீர்ப்பளித்த பின்னர், இம்முறை நாடெங்கும் பரவிற்று.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடும்; கலிபோர்னியா, மண்டலம் அனுமதியாத உபயோகத்துக்கு விலக்கு அளிப்பதையே பொதுவாகத் தடுத்துள்ளது. நியூயார்க் மாநிலமோ உபயோக விலக்கு, அளவு விலக்கு என இரண்டையும் ஏற்று, அவற்றை வெவ்வேறு தராசில் நிறுக்கிறது.

குடியிருப்பு மண்டலத்தில் அகப்பட்ட சிறு மனையொன்றில் கடை வைக்க விழைவது உபயோக விலக்கின்பாற்படும். 1939 இல் ஓட்டோ–ஸ்டைன்ஹில்பர் வழக்கில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த அளவைகளே இன்றைய சட்டத்துக்கு அடிப்படை. அனுமதிக்கப்பட்ட எந்த உபயோகத்தாலும் அம்மனை நியாயமான வருவாய் தராது என்பதை, வாங்கிய விலை, வரி, பராமரிப்புச் செலவு, வாடகை முதலிய கணக்குகளால் உடைமையாளர் நிலைநாட்ட வேண்டும். கடை வைத்தால் இலாபம் மிகும் என்பது போதாது. அவருடைய இடர்ப்பாடு அம்மனைக்கே உரியதாக இருத்தலும் வேண்டும். எல்லாவற்றினும் முக்கியமானது இதுவே என்பது நம் கருத்து. ஏனெனில், தெரு முழுவதுமே வியாபாரத்துக்கு மாறிவிட்டதனால் வீடுகளுக்குக் குடிவருவாரில்லை எனின், அது விதியைத் திருத்தவேண்டிய சட்டமன்றத்தின் காரியமேயன்றி, மனை மனையாக விலக்களித்து மண்டலத்தையே கரைத்துவிடும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. மேலும், அவ்வட்டாரத்தின் சுபாவம் மாறலாகாது. இடர்ப்பாடு மனுதாரர் தாமே தேடிக்கொண்டதாகவும் இருத்தலாகாது. விதியை அறிந்தே மலிவாக மனை வாங்கியவர், பின்னர் அவ்விதியைச் சுட்டி முறையிடுவது எடுபடுவதில்லை.

வியாபார மண்டலத்திலேயே உள்ள கடையொன்று, மனை குறுகலாக இருப்பதால் பின்புற இடைவெளியையோ வண்டிகள் நிறுத்தும் இடத்தையோ குறைத்துக்கொள்ள வேண்டுவது அளவு விலக்காகும். இங்கே பரீட்சை இளக்கமானது: மனுதாரருக்கு விளையும் நன்மையையும் சமூகத்துக்கு நேரும் தீங்கையும் வாரியம் சீர்தூக்குகிறது. வேறு வழி உண்டா, கேட்கும் சலுகை பெரிதா, அண்டை மனைகளும் சுற்றுச்சூழலும் பாதிக்கப்படுமா என்பன ஆராயப்படும். தாமே தேடிய இடர்ப்பாடும் கவனிக்கப்படுமேனும், அதுவொன்றே மனுவைத் தள்ளுதற்குக் காரணமாகாது.

பத்திரிகை அறிவிப்புக்குப் பின் நடைபெறும் பகிரங்க விசாரணையில் அண்டையயலார் எழுப்பும் கூக்குரல் சில வேளைகளில் வாரியத்தை அசைத்துவிடுகிறது. ஆயினும், எதிர்ப்பாரின் தொகை சாட்சியமாகாது. போக்குவரத்து நெரிசலோ கழிவுநீர்த் தேக்கமோ உண்டென்று திட்டமாகக் காட்டும் ஒருவரின் கூற்றே மதிப்புடையது. விலக்கு அளிப்பினும், தேவைக்குரிய மிகக் குறைந்த அளவே அளித்தல் வேண்டும். கடை திறந்திருக்கும் நேரம், விளக்கொளி, வேலி ஆகியவை பற்றி நிபந்தனைகளும் விதிக்கலாம். மனுதாரரின் நற்குணத்தையோ வறுமையையோ கண்டு இரங்குவதற்கு இங்கே இடமில்லை. விலக்கு மனிதரைச் சாராது நிலத்தைச் சார்ந்து நிற்பதாகலின், நாளை அதனை விலைக்கு வாங்குபவரும் அதே உரிமையை அனுபவிப்பார்.

நியூயார்க்கின் ஊர்ச்சட்டப்படி விசாரணை முடிந்த 62 நாட்களுக்குள் வாரியம் முடிவு கூற வேண்டும். பாதிக்கப்பட்டவர், அம்முடிவு எழுத்தர் அலுவலகத்தில் பதிவான 30 நாட்களுக்குள் நீதிமன்றத்தை அடையலாம். முடிவு சட்டத்துக்கும் சாட்சியத்துக்கும் இயைந்ததாயின், நீதிமன்றம் பொதுவாக அதனை மாற்றுவதில்லை.