டிக்கிக்குள் கிடந்த வரலாறு

2002 ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்துக்கு வந்த கொழும்பு நண்பர்களும் புலம்பெயர்ந்த உறவினர்களும் முதலில் வியந்தது, அங்கு ஓடித்திரிந்த கார்களைக் கண்டுதான். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என, இங்கிலாந்தில் சேகரிப்பாளர்களின் கொட்டகைகளுக்குள் போய்விட்ட வண்டிகள் இங்கே வாடகைக்கு நின்றன. வந்தவர்கள் அவற்றின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். டிக்கியைத் திறந்து பார்த்தவர்களை நான் கண்டதில்லை.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எனவே ஐம்பதுகளில் வந்திறங்கிய ஆங்கிலேயக் கார்களைப் பேணி ஓட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வண்டிகள் பெருகின. அப்போதும் யாழ்ப்பாணத்து வாடகைக்கார்ச் சாரதிகள் பலர் பழையதை விடவில்லை. தெருவோரத்தில் தாமே கழற்றிப் பூட்டக்கூடிய வண்டி அது.

அக்காலத்துச் சாரதியின் பெட்டியில் இருந்தவை உலகெங்கும் பழைய ஆங்கிலேயக் கார் ஓட்டுபவர்கள் இன்றும் கொண்டுசெல்பவைதாம். பிளக்குகள், பிளக் கழற்றும் சாவி, தொடுமுனை எனப்படும் பொயின்ற், கொண்டென்சர், றோட்டர், காற்றாடிப் பட்டி, றேடியேற்றர்க் குழாய், சில்லுக்கு ஒட்டுப்போடும் சாமான்கள், ஜக், கட்டுக்கம்பி, ஒரு கான் தண்ணீர். இந்தக் கார்கள் நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் அந்தப் பொயின்றும் கொண்டென்சரும்தான். பொயின்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இருக்கவேண்டும். முனை கருகினால் பொறி பிறக்காது. நெருப்புப்பெட்டியின் உரசும் பக்கத்தால் அதைத் தேய்த்துவிட்டு ஓடியவர்கள் உண்டு. மொறிஸ் மைனரின் மின்சாரப் பெற்றோல் பம்பிக்கோ வேறொரு வைத்தியம்: சாவியால் மெல்ல ஒரு தட்டு. சாவிகளிலும் சிக்கல் இருந்தது. பழைய ஆங்கிலேய நட்டுகள் அங்குலக் கணக்கிலும் விற்வேர்த் கணக்கிலும் அமைந்தவை. ஜப்பானிய மில்லிமீற்றர்ச் சாவிகள் அவற்றுக்குச் சரியாகப் பொருந்தா. ஆகையால் ஒரு சாரதி தன் சாவிக்கட்டை இன்னொருவருக்கு இரவல் கொடுப்பது பெண் கொடுப்பதற்கு ஒப்பான காரியம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் யாவும் தடைப் பட்டியலில் இருந்தன. டிக்கியில் இருந்த பெட்டி அன்றிலிருந்து வேறொரு பெட்டியாகிவிட்டது.

கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. இது யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்த அதிசயம் என்று பெருமையடித்துக்கொள்வாரும் உண்டு. இங்கிலாந்தில் நாற்பதுகளிலேயே உழவு இயந்திரங்கள் பெற்றோலில் கிளப்பப்பட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றப்பட்டன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே காரணம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களில் எரிபொருள் உள்ளே போகும் குழாயும் சூடான புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருக்கும். அமுக்க விகிதமும் குறைவு. ஆகவே அவை அந்த எண்ணெயைச் சகித்துக்கொண்டன. புதிய ஜப்பானியக் கார்கள் இதற்கு முரண்டுபிடித்தன.

சகித்துக்கொண்டன என்றாலும் சும்மா அல்ல. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. பிளக்குகளில் கரி படிந்தது. கிளாலிக் கரைக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற சாரதிகள், துடைத்து வைத்த இன்னொரு தொகுதிப் பிளக்குகளைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். பாதிவழியில் சுடச்சுடக் கழற்றி மாற்றுவதையும், புகையோடு வண்டி மறுபடி புறப்படுவதையும் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெற்றோல் தாங்கியில் கசிவு ஏற்பட்டால் சவர்க்காரத்தைப் பிசைந்து அடைப்பது பழைய வழக்கம். சவர்க்காரமே கிடைப்பதற்கு அரிதாகிவிட்ட நாட்களில் அதையும் ஒரு துண்டு ஒளித்து வைத்திருந்தார்கள்.

பற்றரி வலுவிழந்தால் ஸ்ராட்டர் சுழலாது. ஆனால் பொறிக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் அதில் எஞ்சியிருக்கும். அப்போது முன்பக்கத்துத் துவாரத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுற்றிக் கிளப்பலாம். கண்டிக்காரர்கள் சரிவில் விட்டு உருட்டிக் கிளப்புவார்கள். யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்கே போவது? கைபிடி, அல்லது நாலு பேரின் முதுகு.

எல்லாவற்றிலும் பெறுமதியானது ஒரு சிறிய பிளாஸ்ரிக் போத்தல். மூடியில் ஊசித்துளை. உள்ளே நாலைந்து மேசைக்கரண்டி பெற்றோல். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுக் காபிறேற்றரின் வாய்க்குள் சில சொட்டுகள் விட்டால்தான் எஞ்சின் உயிர்க்கும். நான் அறிந்த முதிய சாரதி ஒருவர் இரண்டு போத்தல்கள் வைத்திருந்தார். ஒன்று பகல் ஓட்டத்துக்கு. மற்றதை எவருக்கும் தொடக் கொடுக்கமாட்டார். ஒருநாள் அவசரமாகச் செய்தி சேகரிக்கப் போகவேண்டியிருந்தபோது அதைச் சுட்டிக் கேட்டேன். "தம்பி, அது பிள்ளைப்பேறுக்கு. இராவிலை ஆரும் வந்து கதவைத் தட்டினால் நான் என்னத்தை ஊத்துறது?" என்றார். நான் சைக்கிளில் போனேன்.

இதே தொண்ணூறுகளில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனரின் உடற்பாகங்கள் தயாரிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. அங்கே பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் இத்தொழிலை இங்கு கொண்டுவந்தவர்களுள் ஒருவர். அந்த முயற்சியில் தவறேதும் காண்பதற்கில்லை. ஆனால் காலியிலிருந்து இங்கிலாந்துக்குப் போகக்கூடிய பாகம் ஆனையிறவைத் தாண்ட முடியாதிருந்தது என்பதையும் பதிவுசெய்யத்தான் வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி ஒரே இரவில் புறப்பட்டார்கள். செம்மணி, நாவற்குழி வழியில் கார்கள் மனிதர்களின் நடைவேகத்தில் ஊர்ந்தன. அப்படி ஊர்ந்தால் எஞ்சினால் சுழலும் காற்றாடிக்கு வேகம் போதாது; றேடியேற்றர் கொதிக்கும். டிக்கியில் இருந்த தண்ணீர்க் கான் அதற்குத்தான். ஆனால் தெருவில் குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. மழையில் குடைகளைத் தலைகீழாகப் பிடித்து நீர் சேர்த்தவர்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கானைக் கொடுத்துவிட்டுக் காரைத் தள்ளிக்கொண்டு போன சாரதிகளைப் பற்றி எவரும் எழுதி நான் வாசிக்கவில்லை.

2009 இற்குப் பின்னர் இக்கார்களுக்கு நல்ல விலை கிடைத்தது. பல தெற்கே போயின. கொழும்பில் ஒரு நண்பர் வாங்கிய ஏ40 ஐ அண்மையில் பார்த்தேன். பளபளப்பான வண்ணம், புதிய மின்கம்பிகள். பொயின்ற், கொண்டென்சர் தொல்லை வேண்டாமென்று இலத்திரனியல் பொறிச்சாதனம் பூட்டியிருந்தார். நெடுந்தூரம் ஓடுவதாயின் பழைய தொகுதியையும் டிக்கியில் வைத்திருக்கும்படி சொன்னேன். இலத்திரனியல் சாதனம் செத்தால் தெருவில் திருத்த முடியாது. கைபிடி எங்கே என்று கேட்டேன். வண்டியை விற்றவர் அதை மட்டும் தரவில்லையாம்.