மின்கம்பி இணைப்பான்: விலையும் தரமும்

மின்கம்பி இணைப்பான் என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஒயர்களின் செம்பு முனைகளை அழுத்திப் பிடித்து, மின்னோட்டம் தடையின்றிச் செல்ல வழிசெய்யும் சிறு சாதனம். ஜங்ஷன் பாக்ஸ், மின்விசிறியின் மேல் கப், மோட்டாரின் டெர்மினல் பெட்டி ஆகியவற்றுக்குள் இது அமைகிறது. ஒரே வேலைக்கு மலிவு வகையும் பெயர்பெற்ற நிறுவனத்தின் வகையும் கடைகளில் அருகருகே கிடைக்கின்றன. விலை பல மடங்கு வேறுபட்டாலும், வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கும் உலோகத்திலும், அதன் அழுத்தம் எத்தனை ஆண்டு குறையாமல் நிற்கும் என்பதிலும் அடங்கியுள்ளது.

வரலாறு

கம்பியோடு கம்பியை முறுக்கி இணைக்கும் வழக்கம் தந்தித் துறையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தந்தி நிறுவனமான வெஸ்டர்ன் யூனியனின் பெயரால் அறியப்பட்ட முறுக்கு, இழுவிசையைத் தாங்குவதற்காக உருவானது. வீடுகளுக்கு மின்சாரம் வந்தபோது அதே முறுக்கின் மேல் ஈயப்பற்று உருக்கி ஊற்றி, துணி நாடாவும் ரப்பர் நாடாவும் சுற்றினார்கள். நன்றாகச் செய்த பற்று நெடுங்காலம் உழைத்தது. ஆனால் அதற்கு நேரமும் கைத்திறனும் வேண்டியிருந்தன. மரக்கூரைகளுக்கு நடுவே உருகிய ஈயத்தோடு வேலை செய்வது ஆபத்தாகவும் இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு விடை தேடிய கனடாவின் வில்லியம் மார், 1914 முதல் பற்று வேண்டாத அழுத்த இணைப்பானை உருவாக்கினார். அவர் பெயரையொட்டி அது ‘மாரெட்’ எனப்பட்டது. வட அமெரிக்க வீடுகளில் இன்றும் பரவலாக உள்ள திருகுத் தொப்பிகள் இந்த வழியில் வந்தவை. ஜெர்மனியில் 1928இல் பீனிக்ஸ் நிறுவனம் ஆர்.டபிள்யூ.இ. மின் நிறுவனத்தோடு சேர்ந்து, உலோகப் பட்டையில் வரிசையாகப் பொருத்தும் டெர்மினலைக் கொண்டுவந்தது. 1941இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.எம்.பி. நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் நசுக்கிப் பொருத்தும் லக்குகளைச் செய்தது.

1951இல் ஜெர்மனியின் மிண்டன் நகரில் வாகோ நிறுவனம் தொடங்கப்பட்டது. வாக்னர், ஓல்ப்ரிஷ்ட் என்ற இருவரின் ஸ்பிரிங் கிளாம்ப் காப்புரிமையே அதன் மூலதனம். பெயரும் அவர்களிடமிருந்து வந்தது. 1977இல் அந்நிறுவனம் வெளியிட்ட கூண்டுப்பிடி, ஒயரைப் பிடிக்கும் பொறுப்பைத் திருகிடமிருந்து ஸ்பிரிங்குக்கு மாற்றியது. நெம்பு வைத்த 222 வரிசையும், அதைவிடச் சிறிதாகவும் ஒளி ஊடுருவும் கூட்டோடும் 2010களில் வந்த 221 வரிசையும் இதன் வளர்ச்சிகளே.

வகைகள்

ஸ்ட்ரிப் கனெக்டர்: பித்தளைக் குழாயில் இரண்டு திருகுகள், மேலே பிளாஸ்டிக் உறை. தமிழ்நாட்டு எலக்ட்ரீஷியன்கள் அதிகம் பயன்படுத்துவது இதுவே. 12 வழிப் பட்டையாக வாங்கித் தேவையான அளவுக்கு நறுக்கிக்கொள்கிறார்கள்.

திருகுத் தொப்பி: முறுக்கிய முனைகளின் மேல் திருகப்படும் கூம்பு. உள்ளே உள்ள எஃகுச் சுருள் ஒயரைக் கவ்வும்.

லக், நசுக்கு இணைப்பு: கிரிம்பிங் கருவியால் நசுக்கப்படுவது. மோட்டார், எம்.சி.பி. போன்றவற்றில் இடம்பெறும்.

சொருகு வகை: ஒற்றைக் கம்பியை நேராகச் செருகினால் ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். பல இழை கொண்ட வளைஒயருக்கு இது பொருந்தாது. இந்திய வீட்டு ஒயர்களில் பெரும்பாலானவை பல இழை கொண்டவை என்பதால், இங்கே இதன் பயன் குறைவு.

நெம்பு வகை: நெம்பைத் தூக்கி, ஒயரை வைத்து, மூடிவிடலாம். ஒற்றைக் கம்பியையும் பல இழை ஒயரையும் ஒரே இணைப்பானில் பிடிக்கும் என்பதால் வீட்டு ஒயரிங்கிற்கு இதுவே தகுதியானது.

இணைப்பு சூடாகும் காரணம்

இரண்டு உலோகப் பரப்புகள் தொட்டாலும், உண்மையில் ஒட்டுவது சில நுண்புள்ளிகளில் மட்டுமே. அழுத்தம் குறைந்தால் புள்ளிகள் குறையும், மின்தடை கூடும். தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 3,000 வாட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். நல்ல இணைப்பில் தடை 1 மில்லிஓம் என்றால் 0.17 வாட் வெப்பம்தான் தோன்றும். அதே இணைப்பு தளர்ந்து தடை 50 மில்லிஓமுக்கு ஏறினால், விரல்நுனி அளவு இடத்தில் ஏறத்தாழ 8.5 வாட் வெப்பம் தேங்கும். சூட்டில் செம்பு கறுக்கிறது, ஸ்பிரிங் தளர்கிறது, தடை இன்னும் ஏறுகிறது. எலக்ட்ரீஷியன்கள் ‘லூஸ் காண்டாக்ட்’ என்பது இந்தச் சுழலின் தொடக்கமே.

அமெரிக்காவில் 1965க்கும் 1973க்கும் இடையே பல வீடுகளில் போடப்பட்ட அலுமினிய ஒயர்கள் இதற்குக் கொடிய சான்று. 1972க்கு முந்தைய அத்தகைய வீடுகளில், இணைப்புகள் தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு செம்பு ஒயர் வீடுகளைவிட 55 மடங்கு என அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது.

தரநிலையும் முத்திரையும்

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 60998 வீட்டு இணைப்பான்களுக்குரிய தரநிலை. திருகில்லாத வகையில், ஒயரைப் பிடிக்கும் இடத்தில் மின்னழுத்த இழப்பு தொடக்கத்தில் 15 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. 192 முறை மின்னோட்டத்தால் சூடேற்றிக் குளிரவிட்ட பின்னும் 22.5 மில்லிவோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். ஸ்பிரிங் காலத்தால் தளர்கிறதா என்பதைக் கண்டறியும் சோதனை இதுவே. மலிவுப் பொருளுக்கும் நம்பகமான பொருளுக்கும் கோடு கிழிப்பதும் இதுதான்.

வி.டி.இ., யு.எல். முத்திரைகள் வெளி ஆய்வகச் சோதனைக்குப் பிறகு தரப்படுபவை. சி.இ. குறி அப்படியல்ல. இத்தகைய பொருளில் அது தயாரிப்பாளர் தானே செய்யும் உறுதிமொழி. பிசிடி வரிசை எனப்படும் மலிவு நெம்பு இணைப்பான்கள் பலவற்றிலும் ‘32 ஆம்பியர்’ என்ற அச்சும் சி.இ. குறியும் உண்டு. வாகோ 221இன் பரவலான வகையிலும் 32 ஆம்பியர் என்றே இருக்கும். எண் ஒன்றுதான், அதை மெய்ப்பித்தவர் யார் என்பதே வேறுபாடு.

தெரிவு செய்யும் முறை

கீசர், ஏ.சி., தண்ணீர் மோட்டார் போன்ற அதிகச் சுமைகளுக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கை எட்டாமல் மறையும் இணைப்புகளுக்கும் சான்று பெற்ற நிறுவனப் பொருளே உரியது. அங்கே மிச்சமாகும் பணம் சில ரூபாய்கள். பழுதானால் கூரையையே பிரிக்க வேண்டியிருக்கும். அழைப்பு மணி, 12 வோல்ட் விளக்குப் பட்டை, திறந்து பார்க்கக்கூடிய தற்காலிக வேலை ஆகியவற்றுக்கு மலிவு வகை போதும். மின்னோட்டம் குறைவான இடங்களில் வெப்பம் ஒரு பொருட்டல்ல. ஆனால் 230 வோல்ட் செல்லும் இடமென்றால், மின்னோட்டம் சிறிதானாலும் உறை எளிதில் தீப்பற்றாததாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரிப் கனெக்டரின் குழாயில் காந்தம் ஒட்டினால், அது முலாம் பூசிய இரும்பு, ஒதுக்கிவிடலாம். திருகு நுனி இழைகளை நேராக அறுக்காதபடி, நடுவே தகடு வைத்த வகை மேலானது. அது இல்லையெனில் ஒயர் முனையில் பின் லக் போட வேண்டும். முனையை ஈயம் தோய்த்துத் திருகுக்கடியில் வைப்பது தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகி இணைப்பு தளரும். நெம்பு வகையில் உறையை உரிக்கும் நீளத்தைப் பொருளின் மேலேயே காணலாம். 221இன் பரவலான வகைக்கு அது 11 மில்லிமீட்டர். எந்தப் பொருளும் வேலையின் குறையை ஈடுசெய்யாது என்பதால், மூடிய பின் ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம்.

இன்றைய நிலை

இந்தியாவில் ஸ்ட்ரிப் கனெக்டரும் டேப் சுற்றிய முறுக்கும் இன்னும் பரவலாக உள்ளன. நெம்பு வகை மெல்லப் பரவி வருகிறது. பெயர்பெற்ற நிறுவனங்களின் போலிகளும் சந்தையில் உலவுவதால், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குவது பொருத்தமானது.