ஜூரி இருக்கையில் ஒரு கிறிஸ்தவர்



நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனுக்காக ஒரு கேள்வி கேட்டார். மகன் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்கிறார். ஜூரியில் அமரும்படி நீதிமன்றத்திலிருந்து அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. “பிறரைத் தீர்ப்பிட வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே சாமி, இவன் போய் உட்கார்ந்து ஒருத்தனைக் குற்றவாளி என்று சொன்னால் அது பாவம் ஆகாதா? ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?” என்பதுதான் அந்தத் தாயின் கவலை.

நமக்கு இது தூரத்துக் கேள்வி போலத் தோன்றலாம். இந்தியாவில் இன்று குற்ற வழக்குகளுக்கு ஜூரி கிடையாது. 1959இல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் ‘குற்றவாளி அல்ல’ என்று சொல்ல, நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த முறை தேய்ந்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே தரப்படவில்லை. ஆனால் இந்திய மண்ணில் முதல் ஜூரி விசாரணை நடந்ததே நம் சென்னைக் கோட்டையில்தான், 1665இல். தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக அசென்ஷியா டாஸ் என்ற மாது குற்றம் சாட்டப்பட்டார். ஆறு ஆங்கிலேயரும் ஆறு போர்த்துக்கீசியரும் அமர்ந்து அவரை விடுதலை செய்தார்கள். போர்த்துக்கீசியர் என்றால் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்தாமே! அந்தத் தாயின் கேள்வி அந்த அறுவருக்கும் இருந்திருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆண்டவர் தடுத்தது அடுத்தவரின் உள்ளத்தை எடைபோட்டு, ‘இவன் ஒழிந்தவன்’ என்று முடிவு கட்டுவதை. நடந்த செயலை விசாரிப்பதை அவர் தடுக்கவில்லை. தானியேல் நூல் 13ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். சூசன்னாவுக்கு எதிராக ஊரே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. அப்போது இளைஞன் தானியேல் குறுக்கே நின்று, இரண்டு முதியவர்களையும் தனித்தனியே அழைத்து, எந்த மரத்தின் கீழ் அவளைக் கண்டீர்கள் என்று கேட்டான். ஆளுக்கொரு மரத்தைச் சொன்னார்கள். நானேன் தீர்ப்பிட வேண்டும் என்று தானியேல் வீட்டுக்குப் போயிருந்தால் சூசன்னா செத்திருப்பாள்.

ஜூரி முறை வளர்ந்ததற்கு நம் திருச்சபையின் ஒரு முடிவும் காரணம். இது பலருக்குத் தெரியாது. பழைய ஐரோப்பாவில், சாட்சி இல்லாத வழக்குகளைக் கடவுளிடமே விட்டுவிடுவார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி நடக்க வேண்டும். மூன்று நாள் கழித்துக் கட்டை அவிழ்க்கும்போது புண் சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. அல்லது கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். மூழ்கினால் நிரபராதி, மிதந்தால் குற்றவாளி. (நம் நாட்டிலும் காய்ச்சிய மழுவை ஏந்திச் சத்தியம் செய்த காலம் உண்டு, நாம் சிரிக்க வேண்டியதில்லை.) அந்த இரும்பையும் தண்ணீரையும் மந்திரிக்க ஒரு குரு வேண்டும். குரு இல்லாமல் சோதனை இல்லை.

பாரிஸ் நகரில் பீட்டர் என்ற இறையியல் ஆசிரியர் இதை விடாமல் எதிர்த்தார். அவர் சொன்ன ஒரு சம்பவம்: இரண்டு ஆங்கிலேயர் எருசலேமுக்குத் திருப்பயணம் போனார்கள். திரும்பும் வழியில் ஒருவர் புனித யாக்கோபின் திருத்தலத்துக்குப் பிரிந்து போக, மற்றவர் மட்டும் ஊர் வந்தார். ‘கூட வந்தவனைக் கொன்றுவிட்டாய்’ என்றார்கள். தண்ணீர்ச் சோதனையில் தோற்றார், தூக்கிலிட்டார்கள். சில நாளில் ‘கொலையுண்டவர்’ திருப்பயணம் முடித்து நலமாக வந்து சேர்ந்தார்!

1215இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. எந்தக் குருவும் இரத்தம் சிந்தும் தீர்ப்பில் பங்கெடுக்கக் கூடாது. சோதனைக்கான நீரையும் இரும்பையும் ஆசீர்வதிக்கவும் கூடாது என்று அதன் 18ஆம் விதி சொல்லியது. நான்கு ஆண்டுகளில், 1219 ஜனவரியில், இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றி அரசர் பெயரில் நீதிபதிகளுக்கு ஓலை போயிற்று: உரோமைத் திருச்சபை தடுத்துவிட்டது, இனிச் சோதனை வேண்டாம் என்று. பிறகு யார் தீர்ப்பது? அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு பேரைச் சத்தியத்தின்மேல் கேட்கத் தொடங்கினார்கள். குருக்களின் கை விலகிய இடத்தில் பொதுநிலையினரின் மனச்சான்று வந்து அமர்ந்தது.

அந்த இடம் எவ்வளவு பாரமானது என்பதை ஒரு பெண் நமக்குக் காட்டினார். இங்கிலாந்தின் யார்க் நகரில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மனைவி, மார்கரெட் கிளித்தரோ. கணவர் அரசின் சபையில் இருந்தார். இவர் கத்தோலிக்க விசுவாசத்துக்கு வந்து, வீட்டில் குருக்களை மறைத்து வைத்துத் திருப்பலிக்கு இடம் கொடுத்தார். 1585ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு மரண தண்டனை. 1586 மார்ச்சில் வீட்டைச் சோதனையிட்டவர்கள் ஒரு சிறுவனை மிரட்டி, மறைவறையைக் கண்டுபிடித்தார்கள்.

நீதிமன்றத்தில், ‘யாரால் விசாரிக்கப்பட விரும்புகிறாய்?’ என்று கேட்பார்கள். ‘கடவுளாலும் ஊராராலும்’ என்று சொன்னால்தான் ஜூரி அமரும். மார்கரெட் அதைச் சொல்ல மறுத்தார். மறுப்பவரைப் பாரம் ஏற்றி நசுக்குவார்கள் என்று தெரிந்தும் மறுத்தார். அவருடைய ஆன்ம குரு ஜான் மஷ் எழுதிய வரலாற்றில் இரண்டு காரணங்கள் வருகின்றன. ஜூரி அமர்ந்தால் தம் பிள்ளைகளும் வேலையாட்களும் தமக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவது, மேலிடத்துக்குப் பயந்து ஊரார் தம்மைக் குற்றவாளி என்றே சொல்வார்கள்; தம் இரத்தப்பழி அவர்கள் ஆன்மாவின்மேல் விழும். மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாளன்று, முதுகின் கீழே கூரான கல்லை வைத்து, மேலே ஒரு கதவைப் போட்டு, அதன்மேல் பாரம் ஏற்றிக் கொன்றார்கள். 1970இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அமரப்போகும் ஜூரர்களின் பெயர்கள்கூட அவருக்குத் தெரிந்திருக்காது. அவர்களுக்காகவும் உயிரைக் கொடுத்தார்.

‘அப்படியானால் பயமுறுத்தல் இல்லாவிட்டால் ஜூரர்கள் சரியாகச் சொல்வார்கள், இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். வரலாறு அவ்வளவு எளிதாக விடை தரவில்லை. 1670இல் இலண்டனில் வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இரு குவேக்கர்கள் தெருவில் பிரசங்கித்ததற்காக விசாரிக்கப்பட்டார்கள். ஜூரர்களிடம் நீதிபதிகள் விரும்பிய தீர்ப்பு வரவில்லை. இரண்டு இரவுகள் சோறும் தண்ணீரும் நெருப்பும் இல்லாமல் அடைத்து வைத்தார்கள். அவர்கள் மாறவில்லை. ஆளுக்கு 40 மார்க் அபராதம். எட்வர்டு புஷெல் என்பவர் கட்ட மறுத்துச் சிறை போனார். கடைசியில் தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக ஜூரர்களைத் தண்டிக்கக் கூடாது என்று முடிவு செய்தார். வேடிக்கை என்னவென்றால், சத்தியம் செய்வதில்லை என்ற கொள்கையால் குவேக்கர்களே நெடுங்காலம் ஜூரியில் அமர முடியவில்லை.

புஷெல் வாங்கித் தந்த சுதந்திரத்துக்குப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1681இல், அயர்லாந்தின் அர்மா பேராயர் ஆலிவர் பிளங்கெட்டை இலண்டனில் விசாரித்தார்கள். சாட்சிகளை அயர்லாந்திலிருந்து கொண்டுவர அவருக்குப் போதிய அவகாசம் தரவில்லை. எதிர்ச்சாட்சி சொன்னவர்களில் அவர்மேல் மனத்தாங்கல் கொண்ட துறவிகளும் உண்டு. இந்த ஜூரர்களை யாரும் பட்டினி போடவில்லை, அபராதம் விதிக்கவும் முடியாது. ஆனாலும் கால் மணி நேரத்தில் ‘குற்றவாளி’ என்றார்கள். கத்தோலிக்கச் சதி என்ற வதந்தி அப்போது ஊரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பேராயர் இறைவனுக்கு நன்றி கூறினார். ஜூலை முதல் நாள் மறைசாட்சியானார். யார்க் நகரத்தாரை மிரட்டியது அரச சபை. இலண்டன் ஜூரர்களோ ஊர்ப் பேச்சைத் தலையில் சுமந்துகொண்டே வந்து அமர்ந்தார்கள்.

குருமடத்தில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு: ஓர் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஐயம் எழுந்தால், பாதுகாப்பான வழியையே எடு. ‘நியாயமான ஐயத்துக்கு இடமின்றி’ என்று இன்று நீதிமன்றங்களில் சொல்கிறார்களே, அதன் வேர் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது என்கிறார் யேல் பல்கலைக்கழகச் சட்ட வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் விட்மன். குற்றம் சாட்டப்பட்டவரைக் காப்பதற்கு முன்பே, ஜூரரின் ஆன்மாவைக் காக்கவே அது பிறந்தது என்பது அவர் கருத்து. எனக்கு அது சரியென்றே படுகிறது.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்னது: மகன் போகட்டும். பொய்க் காரணம் சொல்லித் தப்ப வேண்டாம், அதுதான் பாவம். நான் போக முடியாது. பணிநிலைக்குப் பொருந்தாத இத்தகைய பொதுப் பொறுப்புகளிலிருந்து அரசு தரும் விலக்கைப் பயன்படுத்தும்படி திருச்சபைச் சட்டம் 289 குருக்களுக்குச் சொல்கிறது. உலகக் காரியங்கள் பொதுநிலையினருக்கு உரியவை. ஒவ்வொரு சிக்கலுக்கும் குருவிடம் ஆயத்தமான விடை இருக்கும் என்று எண்ண வேண்டாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சொல்லியிருக்கிறது. ஜூரி அறையில் அவர் எழுப்ப வேண்டிய கேள்விகளை நான் இங்கிருந்து எழுதி அனுப்ப முடியாது.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொன்னேன். டெக்சாஸில் மரண தண்டனை இருக்கிறது. நம் மறைக்கல்வி ஏடு 2018இல் திருத்தப்பட்டு, மரண தண்டனை ஏற்க முடியாதது என்கிறது. அத்தகைய வழக்கானால், ஜூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே, ‘மரண தண்டனைக்கு வாக்களிப்பீர்களா?’ என்று கேட்பார்கள். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மழுப்பாமல், என் விசுவாசம் இதற்கு இடம் தராது, என்னால் முடியாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு நீதிபதி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பட்டும். திருட்டு வழக்கோ, அடிதடி வழக்கோ, இன்னொரு கடிதம் வரும், அதற்குப் போகலாம்.