கப்பலின் அடியில் தேங்கும் நீர்

தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரை இல்லை. இங்கு வாழும் நம் குடும்பங்களுக்குப் படகு என்றால் ஒகேனக்கல் பரிசல்தான். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் ஆற்றங்கரையில் பரிசல்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலையும் இக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பையும் போர்த்தி, மேலே தார் பூசிச் செய்யப்படும் எளிய கலம் அது. பாறையில் உரசினால் கசியும். கசிந்தால் கரைக்கு இழுத்துக் கவிழ்த்துவிடலாம். நீர் வடிந்துவிடும், வெயில் காயவைக்கும், மறுபடி தார் பூசினால் பரிசல் ஆற்றுக்குத் திரும்பிவிடும்.

நடுக்கடலில் செல்லும் பாய்மரக் கப்பலை அவ்வாறு கவிழ்த்து வடிக்க முடியாது. உட்புகுந்த நீர் உள்ளேயே தேங்கும். அதை மனிதர் கைகளால் இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். கடலோடிய நம் முன்னோர் இந்த நீரோடு எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. அந்த வரலாற்றில் நம் மார்க்கத்தின் ஒரு பெரும் பாடமும் அடங்கியிருக்கிறது.

மரக்கப்பல் எதுவும் முற்றிலும் நீர் புகாததன்று. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி இருந்தே தீரும். கப்பல் நெடுநாள் கரையில் கிடந்தால் மரம் உலர்ந்து சுருங்க, அவ்விடைவெளி விரியும். கடலில் இறக்கிய முதல் நாட்களில் நீர் மிகுதியாகக் கசியும். மரம் ஊறிப் பருத்த பின்னரே கசிவு குறையும். இதனோடு அலைத் தெறிப்பும் மழைநீரும் சேரும். கப்பற்புழு துளைத்த பலகையாயின் ஆபத்து இன்னும் பெரிது. கப்பல் பழையதாக ஆக, இத்தனை வழிகளும் அகலும்.

இவ்வாறு புகுந்த நீர் எல்லாவற்றிலும் தாழ்ந்த இடத்தைத் தேடிச் சென்று, அடிமரத்தை ஒட்டித் தேங்கும். மேல்தட்டில் இருப்போர் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே அது மூன்று தீங்குகளைச் செய்கிறது. அரிசி மூட்டையையும் துணிப்பொதியையும் நனைத்துக் கெடுக்கிறது. கப்பலின் பாரத்தைக் கூட்டி, அதை நீரில் மேலும் அமிழ்த்துகிறது. எல்லாவற்றிலும் கொடியது மூன்றாவது: கப்பல் ஒரு பக்கம் சாயும்போது தேங்கிய நீரும் அப்பக்கமே ஓடிச் சேர்ந்து, அச்சாய்வை மிகுதியாக்குகிறது. அமைதியான கடலில் பொருட்படுத்தத் தேவையில்லை என்று விடப்பட்ட நீரே புயல் நாளில் கப்பலைக் கவிழ்க்கும் பகையாகிறது.

இதற்கு முன்னோர் கண்ட பரிகாரம் இரண்டு. ஒன்று, பலகை இணைப்புகளில் நார் திணித்து, எண்ணெயும் பிசினும் பூசி அடைப்பது. கலப்பத்து என்று இத்தொழிலைச் சொல்வர். மற்றொன்று, நாள் தவறாமல் இறைப்பது. முதலாவது கரையில் செய்யும் வேலை; இரண்டாவது கடலில் ஓயாத வேலை.

இந்துமாக்கடலின் மேற்குப் பகுதியில் ஓடிய பழங்கப்பல்கள் பல ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டவை. அவற்றைக் கண்ணால் கண்டு எழுதியவர்களில் ஒருவர் அந்தலூசியாவின் இப்னு ஜுபைர். 1183-ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குச் செல்லும் வழியில், செங்கடலின் ஐதாப் துறைமுகத்தில் அவர் ஜித்தாவுக்குக் கப்பலேறினார். தேங்காய் நாரைத் திரித்த கயிற்றால் பலகைகள் தைக்கப்பட்டிருந்ததையும், ஈச்ச நாரால் இடைவெளிகள் அடைக்கப்பட்டதையும், நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசப்பட்டதையும், அவற்றுள் சுறா எண்ணெயே சிறந்தது என்பதையும் அவர் குறித்து வைத்தார். மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் வந்தவை என்றும் எழுதினார்.

அவர் பதிவு செய்த மற்றொரு செய்தி நம் நெஞ்சைச் சுடுகிறது. ஐதாபின் கப்பல் உரிமையாளர்கள் பேராசையால் ஹாஜிகளை ஒருவர் மேல் ஒருவராக அடைத்து ஏற்றினர். ஒரே பயணத்தில் கப்பலின் விலையைத் திரும்பப் பெற்றுவிட்டால், அதன் பின் கடல் அதை என்ன செய்தாலும் அவர்களுக்குக் கவலையில்லை. கப்பலைத் தருவது எங்கள் பொறுப்பு, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜிகளின் பொறுப்பு என்பது அவர்களிடையே வழங்கிய பேச்சு. அல்லாஹ்வின் வீட்டை நாடிச் சென்றவர்களை ஏற்றிய கப்பலைப் பற்றிய பேச்சு இது.

நம் கரையின் அருகிலும் இத்தகைய அனுபவம் நிகழ்ந்திருக்கிறது. 1340-களில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஅபர் என்று அரபியர் அழைத்த தமிழகக் கரைக்குக் கப்பலில் வந்தார். அப்போது மதுரையில் சுல்தான்களின் ஆட்சி நடந்தது. வழியில் காற்று வலுத்து, கப்பலுக்குள் நீர் நிரம்பும் நிலை வந்தது. தொழில் அறிந்த தலைவன் ஒருவன் அக்கப்பலில் இல்லை என்பதை அவர் குறிப்பாகச் சொல்கிறார். பாறைகளில் மோதாமல் தப்பிய கப்பல் ஆழமற்ற நீரில் தட்டிக்கொண்டது. மக்கள் ஒருவரிடம் ஒருவர் விடைபெறத் தொடங்கினர். பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். பலகைகளால் தெப்பம் கட்டினர். முடிவில் அவர் உயிரோடு கரை சேர்ந்தார்.

காயல்பட்டினம், கீழக்கரை, பரங்கிப்பேட்டை, நாகூர் ஆகிய ஊர்களின் மரக்காயர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த அச்சத்தோடு கடலோடின. ஒகேனக்கல்லில் நாம் பார்க்கும் காவிரி நீர் கல்லணைக்குக் கீழே பல கிளைகளாகப் பிரிகிறது. அவற்றுள் வெட்டாறு நாகூருக்கு அருகே கடலை அடைகிறது. அங்கே அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது நாயகத்தைப் பற்றி மக்கள் சொல்லிவரும் ஒரு செய்தியை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவர். நாயகம் முடி மழித்துக்கொண்டிருந்தபோது, கடலில் ஒரு கப்பல் அடியில் ஓட்டை விழுந்து மூழ்கிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த கண்ணாடியை வீசினார். அது சென்று ஓட்டையில் பொருந்தி அடைத்துக்கொண்டது. கப்பல் கரை சேர்ந்தது. அக்கப்பல் டச்சுக்காரர்களுடையது என்று சொல்வோரும் உண்டு.

இதைக் கராமத் என ஏற்போரும் ஏற்காதோரும் நம்மிடையே உள்ளனர். அந்த விவாதத்திற்குள் நாம் செல்லவில்லை. வரலாற்றை நாடுவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று. கடலோரச் சமுதாயம் ஒன்று தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்துப் போற்றிய செய்தி, கப்பலின் அடியில் விழுந்த ஓட்டையைப் பற்றியது. கணவனையும் மகனையும் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் துஆ செய்துகொண்டிருந்த தாய்மார்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய அச்சம் எது என்பதை அது காட்டிவிடுகிறது. கடலோடிய தமிழ் முஸ்லிம்கள் சென்று குடியேறிய பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நாகூர் தர்காவின் பெயரால் நினைவிடங்கள் எழுந்தன. சிங்கப்பூரில் உள்ளது 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது.

கயிற்றால் தைக்கும் அக்கலை நம் காலம் வரை வாழ்ந்திருக்கிறது. மினிக்காய்த் தீவில் 1938-இல் பிறந்த அலி மாணிக்ஃபான், மண்டபத்திலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர்; பின்னர் வள்ளியூர்ப் பகுதியில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர். பள்ளிப் பட்டங்களை நாடாமல் தானே கற்றுத் தேர்ந்த அறிஞர். பிரிட்டனைச் சேர்ந்த டிம் செவரின் பழைய அரபுக் கப்பலை மீண்டும் கட்ட விரும்பியபோது, மாணிக்ஃபானும் லட்சத்தீவுக் கைவினைஞர்களும் ஓமனுக்குச் சென்று ஆணியின்றித் தைத்து ‘சோஹார்’ என்னும் கப்பலை உருவாக்கினர். 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்ட அது 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சோவை அடைந்தது. 2021-இல் இந்திய அரசு மாணிக்ஃபானுக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. ஒழுங்காகத் தைத்து, ஒழுங்காக அடைத்து, ஒழுங்காகப் பேணினால் கயிற்றுக் கப்பலும் மாக்கடலைக் கடக்கும் என்பதற்கு அப்பயணம் சான்று.

இவற்றையெல்லாம் அறிந்த பின் ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஒரு நபிமொழியை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் ஒரு கப்பலை உவமையாகக் கூறினார்கள். சீட்டுக் குலுக்கியதில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் கிடைத்தன. கீழே இருந்தோர் நீர் எடுக்க மேலே இருந்தோரைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. நம் பகுதியில் ஒரு துளை இட்டுக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்குத் தொல்லை தராமல் இருக்கலாமே என்று அவர்கள் எண்ணினர். மேலே உள்ளவர்கள் அதை விட்டுவிட்டால் அனைவரும் அழிவர். தடுத்தால் அனைவரும் பிழைப்பர்.

கீழ்த்தளத்தார் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது நீர். மற்றவருக்குத் தொல்லை தரக் கூடாது என்ற எண்ணமும் அவர்களிடம் இருந்தது. ஆகவே அவர்கள் கையைப் பிடித்துத் தடுப்பதோடு மேல்தளத்தாரின் கடமை முடிந்துவிடுமா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். கீழிருந்து நீருக்கு வருவோரை முகம் சுளிக்காமல் வழிவிட்டு அனுப்பும் இடத்தில், துளையிடும் எண்ணமே எழாது.

கப்பலின் அடியில் நீர் ஏறுவதை முதலில் அறிபவன் அதை இறைக்கும் கூலியாள். அவன் சொல்லை நகுதா கேட்டால் கப்பல் பிழைக்கும். ஐதாபின் உரிமையாளர்களைப் போல, அவரவர் உயிர் அவரவர் பொறுப்பு என்று இருந்துவிட்டால், மேல்தளத்தின் விரிப்புகளும் ஒரு நாள் நனையும். நம் ஜமாஅத்திலும் வாடகை கொடுக்க இயலாத குடும்பமும், மகளின் படிப்பை நிறுத்த எண்ணும் தந்தையும், வட்டிக் கடனில் சிக்கிய சிறு வியாபாரியும் உள்ளனர். நம் கப்பலில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அவர்களே நமக்குச் சொல்லக்கூடியவர்கள். இந்த ஜும்ஆவுக்குப் பின் அவர்களில் ஒருவருடனாவது அமர்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.